கண்ணாடியில் இரண்டு லாரி

பழைய புல்லட்டில் வேகமானியைவிட உண்மை பேசும் கருவி ஒன்று உண்டு. அது வலப்பக்கக் கண்ணாடி. நாற்பதில் போகும்போது, பின்னால் வரும் லாரியின் முகப்பில் கட்டியிருக்கும் எலுமிச்சம்பழங்களை அதில் எண்ணலாம். அறுபதைத் தாண்டினால் எலுமிச்சை கரைகிறது. எழுபதில் ஒரு லாரி இரண்டாகிறது. அதே நேரத்தில் உள்ளங்கையில் எறும்பு ஊர ஆரம்பிக்கிறது. ஊர் போய்ச் சேர்ந்து, வண்டியை ஓரங்கட்டி, டீ கிளாஸைக் கையில் வாங்கிய பிறகும் விரல்களுக்குள் அந்த எறும்பு நடந்துகொண்டே இருக்கும்.

டீக்கடையில் மூன்று வைத்தியம் கிடைக்கும். “புல்லட்டுன்னா அப்படித்தாண்ணே இருக்கும்” என்பார் ஒருவர். “கைப்பிடிக்கு ஸ்பாஞ்ச் மாட்டுங்க” என்பார் இன்னொருவர். “எஞ்சினை இறக்கிப் பார்த்துரலாம்” என்பார் மூன்றாமவர். மூன்றுமே ஏதாவது ஒரு வண்டிக்குச் சரியான பதிலாக இருக்கக்கூடும். ஆனால் மூவருமே கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: நொடிக்கு எத்தனை தடவை?

ஹேண்டில்பாருக்கு வந்து சேரும் ஒவ்வொரு நடுக்கத்துக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்தான் அது புறப்பட்ட இடத்தின் விலாசம். விலாசம் தெரியாமல் பாகம் மாற்றுவது, பெயர் தெரியாத ஊரில் கதவு கதவாகத் தட்டுவதைப் போன்றது.

அரைக் கிலோ ஆடும் ஆட்டம்

வார்ப்பிரும்பு எஞ்சின் பூட்டிய புல்லட் 350-ஐயே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் செய்துவந்த வண்டி அது. ஒற்றை சிலிண்டர். அதன் உள்விட்டம் 70 மி.மீ.; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ.; கொள்ளளவு 346 சி.சி.

எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். டாப் கியரில் அது சுமார் 70 கி.மீ. வேகம். அப்போது பிஸ்டன் ஒரு நொடியில் 50 தடவை மேலே போய்க் கீழே வருகிறது. ஒவ்வொரு தடவையும் உச்சியில் நின்று திரும்ப வேண்டும், அடியில் நின்று திரும்ப வேண்டும். கனெக்டிங் ராடின் சாய்வைச் சேர்க்காத எளிய கணக்கிலேயே, அப்படித் திரும்பும் கணத்தில் பிஸ்டனின் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 450 மடங்கு. பிஸ்டன், ரிங்குகள், பின், ராடின் மேல்பகுதி எல்லாம் சேர்ந்து அரைக் கிலோ என்றால், அதைத் திருப்புவதற்கு 225 கிலோ எடைக்குச் சமமான விசை தேவை. வண்டியின் மொத்த எடையே அவ்வளவு கிடையாது. எஞ்சின் பிஸ்டனை எவ்வளவு பலமாகக் கீழே இழுக்கிறதோ, அதே பலத்தோடு பிஸ்டன் எஞ்சினை மேலே இழுக்கும். நியூட்டனின் மூன்றாம் விதிக்கு இதைவிடச் சத்தமான செயல்முறை விளக்கம் எந்தப் பள்ளியிலும் கிடையாது.

சுற்றைப் பாதியாக்கினால் இந்த விசை பாதியாவதில்லை, கால் பங்காகிறது. 1,500 சுற்றில் அது 56 கிலோ அளவுதான். விசை சுற்றின் வர்க்கத்தைப் பின்பற்றுகிறது. நாற்பதில் எலுமிச்சை எண்ண முடிவதற்கும் எழுபதில் லாரி இரண்டாவதற்கும் முதல் காரணம் இந்த வர்க்கக் கணக்கு.

இதை எஞ்சினை வடிவமைத்தவர்கள் சும்மா விட்டுவிடவில்லை. கிராங்கின் ஃப்ளைவீலில், பிஸ்டனுக்கு எதிர்ப்பக்கம் கூடுதல் இரும்பை வைத்தார்கள். பிஸ்டன் மேலே போகும்போது அந்த எடை கீழே போகும். ஆனால் பிஸ்டன் மேலும் கீழும் மட்டுமே போகிறது. எதிரெடையோ வட்டம் சுற்றுகிறது. பிஸ்டனின் எடை முழுவதையும் ஈடுகட்டும்படி வைத்தால், மேல்கீழ் ஆட்டம் அடங்கிப்போய் அதே அளவு ஆட்டம் முன்னும் பின்னுமாகத் திரும்பிவிடும். அதனால் ஏறத்தாழ பாதிக்கு மட்டும் ஈடுகட்டி, மீதியைப் பொறுத்துக்கொள்கிறார்கள். மேல்கீழில் தள்ளுபடி கேட்டு, முன்பின்னில் வட்டி கட்டும் பேரம் இது. கனெக்டிங் ராடின் சாய்வால் எழும் இன்னொரு நடுக்கம் உண்டு. அது கிராங்கைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் துடிப்பது. அளவில் சிறியது, ஆனால் கிராங்கோடு சேர்ந்து சுற்றும் எந்த எதிரெடைக்கும் அடங்காது.

முதல் நடுக்கத்தையாவது ஏறத்தாழ முழுதாக அடக்க வேண்டுமென்றால், கிராங்குக்கு எதிர்த்திசையில் அதே வேகத்தில் சுற்றும் தனியான சமநிலைத் தண்டு வேண்டும். 2020-இல் ராயல் என்ஃபீல்டின் மீட்டியோர் 350-இல் வந்த 349 சி.சி. எஞ்சினில் அது இருக்கிறது. பழைய புல்லட்டில் இல்லை.

ஆகவே பழைய வண்டியின் நடுக்கத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: கூடப் பிறந்தது, பிறகு வந்து சேர்ந்தது. முதலாவதைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது. இரண்டாவதை ஒழித்துவிடலாம். போன வருடம் சுகமாக ஓடிய வண்டி இந்த வருடம் கையை மரக்க வைக்கிறதென்றால், இடையில் நியூட்டனின் விதி மாறிவிடவில்லை. வண்டியில்தான் ஏதோ மாறியிருக்கிறது.

எட்டும் நாற்பத்து மூன்றும்

புல்லட்டின் 19 அங்குலச் சக்கரம் டயரோடு சேர்ந்து ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் உருளும். 60 கி.மீ. வேகத்தில் நொடிக்குப் பதினாறரை மீட்டருக்குச் சற்று மேல். அதாவது சக்கரம் நொடிக்கு எட்டுச் சுற்று. டாப் கியரில் சக்கரம் ஒரு தடவை சுற்றுவதற்குள் எஞ்சின் ஐந்து தடவைக்குச் சற்று மேலாகச் சுற்றிவிடும். ஆக, எஞ்சினின் எண் நாற்பத்து மூன்றை ஒட்டி நிற்கும்.

எட்டையும் நாற்பத்து மூன்றையும் பிரித்தறியக் கருவி வேண்டியதில்லை. நம் தோலுக்கு அடியிலேயே இரண்டு வகை உணரிகள் இருக்கின்றன. மைஸ்னர் உணரிகள் மெதுவான துடிப்பைப் பிடிப்பவை. பாசினி உணரிகள் நொடிக்கு இருநூறை ஒட்டிய வேகமான அதிர்வில் கூர்மையானவை. நொடிக்கு எட்டு என்றால் கை அதை ‘தட தட தட’ என்று தனித்தனி உதறலாக உணரும்; ஹேண்டில்பார் ஆடுவது கண்ணுக்கே தெரியும். நாற்பதுக்கு மேல் போனால் துடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி ‘ர்ர்ர்ர்’ என்றாகிவிடும். கண்ணுக்கு எதுவும் தெரியாது, கண்ணாடி மட்டும் கலங்கும். உதறல் என்றால் சக்கரத்தையும், இரைச்சல் என்றால் எஞ்சினையும் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

சந்தேகத்தை உறுதிப்படுத்தச் செலவில்லாத சோதனைகள் மூன்று.

முதலாவது, நின்ற இடத்தில். வண்டியைத் திறந்த வெளியில் மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சின் வேகத்தை மெல்லக் கூட்டுங்கள். சாலையில் வந்த அதே இரைச்சல் இங்கேயும் வந்தால் சக்கரம், டயர், செயின் எல்லாவற்றுக்கும் விடுதலை. காற்றில் குளிரும் எஞ்சின் என்பதால் ஒரு நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஆளில்லாத நேர்ச்சாலையில். நடுக்கம் வரும் வேகத்தை எட்டியதும் கிளட்சைப் பிடித்து ஆக்ஸிலேட்டரை விடுங்கள். வண்டி அதே வேகத்தில் உருளும். எஞ்சின் மட்டும் ஐடிலுக்கு இறங்கும். நடுக்கம் கூடவே அடங்கினால் எஞ்சின் பக்கம், அடங்காமல் தொடர்ந்தால் சக்கரத்தின் பக்கம்.

மூன்றாவது, கியர் சோதனை. ஒரே வேகத்தை மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும் பிடித்துப் பாருங்கள். கியர் மாறும்போது நடுக்கமும் மாறினால் அது எஞ்சின் சுற்றுக்குக் கட்டுப்பட்டது. எந்தக் கியரானாலும் குறிப்பிட்ட வேகத்தில் மட்டுமே வந்தால் அது சக்கரத்துக்குக் கட்டுப்பட்டது. இரண்டுக்கும் பிடி கொடுக்காமல், முறுக்கும்போது வந்து விடும்போது போனால், செயினையும் பின்சக்கரத்தில் இருக்கும் கப்ளிங் ரப்பரையும் பாருங்கள்.

எண்ணை எண்ணாகவே பார்க்க விரும்பினால் கைபேசி போதும். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி, கைபேசிக்குள் இருக்கும் முடுக்கமானியைக் கொண்டு அதிர்வெண்ணை வரைபடமாகக் காட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு. முடுக்கமானி நொடிக்கு நூறு தடவை அளக்கிறது என்றால், ஐம்பதுக்கு உட்பட்ட அதிர்வெண்ணை மட்டுமே அது சரியாகச் சொல்லும். அதற்கு மேலே போவதை இல்லாத ஏதோ ஒரு சிறிய எண்ணாக மாற்றிக் காட்டிவிடும். சினிமாவில் முன்னே ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதாகத் தெரிகிறதே, அதே மயக்கம்தான். நின்ற வண்டியில் சில நொடிகள் கைபேசியைக் கையால் அழுத்திப் பிடித்து அளந்தால் போதும். ஹேண்டில்பாரில் பூட்டிவிட்டு ஊர் சுற்ற வேண்டாம். பலமான மோட்டார்சைக்கிள் அதிர்வு தன் கைபேசிகளின் கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் அறிவித்தது.

போல்ட்டடியில் செம்பொடி

எண் எஞ்சினைக் காட்டியதும் எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. கைக்கும் பிஸ்டனுக்கும் இடையில் ஒரு நீண்ட பாதை இருக்கிறது. எஞ்சின், அதைப் பிடிக்கும் போல்ட்டுகள், சேசிஸ், ஸ்டியரிங் கழுத்து, ஃபோர்க், ஹேண்டில்பார் கிளாம்ப், கைப்பிடி. இந்த வழியில் எங்கே ஒரு மூட்டு தளர்ந்தாலும் நடுக்கம் அங்கே பெரிதாகிவிடும்.

புல்லட்டுக்கு இது மற்ற வண்டிகளைவிட முக்கியம். அதன் சேசிஸின் முன்குழாய் எஞ்சினின் முன்பக்கத்தோடு முடிந்துவிடுகிறது. எஞ்சினுக்கு அடியில் தொட்டில்போல் குழாய் ஓடுவதில்லை. எஞ்சினே சேசிஸின் ஓர் உறுப்பு. போல்ட் தளர்ந்தால் எஞ்சின் ஆடுவதோடு வண்டியின் எலும்பே ஆடும். தளர்ந்த போல்ட் சும்மாவும் இருக்காது. நொடிக்கு நாற்பது அடி அடித்து, தான் நிற்கும் வட்ட ஓட்டையை நீள்வட்டமாக்கும். அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது.

இதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் ஒன்று இருக்கிறது. வண்டியைக் கழுவுவதற்கு முன்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். வாஷரின் ஓரத்தில் செம்பழுப்பு நிறத்தில் மாவுபோல் துருப்பொடி கசிந்திருந்தால், அங்கே இரண்டு இரும்புகள் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டிருக்கின்றன. மழையில் பிடித்த துரு ஒட்டிக்கொண்டிருக்கும். தேய்மானத் துரு பொடியாக உதிரும். கழுவிய பிறகு வந்தால் மெக்கானிக்குக் கிடைக்காத தடயம் இது.

முறுக்குவதிலும் முறை இருக்கிறது. கண்ணில் பட்ட ஒரு நட்டை மட்டும் இறுக்கினால் எஞ்சின் கோணலாகவே சிறைப்பட்டுவிடும். எஞ்சினைப் பிடிக்கும் எல்லா போல்ட்டுகளையும் சிறிது தளர்த்தி, எஞ்சின் தானாக உட்காரும்படி விட்டு, பிறகு வரிசையாக, கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ஸ்பேனரால் முறுக்க வேண்டும். சிலிண்டர் ஹெட்டையும் சேசிஸையும் இணைக்கும் மேல்பட்டையை மறந்துவிடக் கூடாது. எஞ்சினின் தலையாட்டத்தை அடக்கும் பட்டை அது. ஐந்நூறு கி.மீ. ஓடியதும் எல்லாவற்றையும் மறுபடி சோதியுங்கள்.

எண் சக்கரத்தைக் காட்டினால் வேலை வேறு. முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழலவிட்டு, ரிம்முக்கு அருகில் ஒரு கம்பியை அசையாமல் பிடித்தால் கோட்டம் தெரிந்துவிடும். சின்ன ஸ்பேனரால் ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். இறுக்கமானது ‘ணிங்’ என்னும், தளர்ந்தது ‘டொக்’ என்னும். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைக்கும்போது கழுத்தில் ‘டக்’ என்று கேட்டால் கோன் செட்டை இறுக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். செயினைச் சக்கரத்தோடு முழுச்சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் இறுகி இன்னோரிடத்தில் தொங்கினால் அது சீராகத் தேயவில்லை. அட்ஜஸ்ட் செய்து பயனில்லை.

எஞ்சின் பக்கத்தில் அடுத்தது நெருப்பு. சிபி பாயின்ட்டின் இடைவெளி மாறினால் தீப்பொறி விழும் நேரமும் மாறும். நேரத்துக்கு முன்பே தீப்பற்றினால், ஏறிவரும் பிஸ்டனின் தலையில் வெடிப்பு சம்மட்டியாக இறங்கும். சரியான டைமிங்கும் சுத்தமான கார்புரேட்டரும் பாதி நோயைத் தீர்த்துவிடுவது உண்டு.

இவையெல்லாம் முடிந்தும் இரைச்சல் குறையவில்லையென்றால்தான் எஞ்சினுக்குள் போக வேண்டும். அங்கே முதல் கேள்வி: இந்த எஞ்சின் முன்பு எப்போதாவது போர் செய்யப்பட்டதா? சிலிண்டரைக் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடும்போது எடை கூடிவிட்டால், ஃப்ளைவீலில் இருக்கும் பழைய எதிரெடையின் பேரக் கணக்கு தவறிப்போகும். பழைய பிஸ்டனைத் தூக்கிப் போடுவதற்கு முன் இரண்டையும் மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்ப்பது அந்த நாளின் மிக மலிவான ஆராய்ச்சி. கிராங்கைப் பிரித்துக் கோத்தவர் இரு ஃப்ளைவீல்களையும் ஒரே அச்சில் நிறுத்தினாரா என்பது அடுத்த கேள்வி. அதற்கு டயல் கேஜ் வேண்டும், கண்மட்டம் போதாது.

அடுப்படி டம்ளரும் ஹேண்டில்பாரும்

மிக்சியை இரண்டில் வைத்தால் பக்கத்து அலமாரியில் ஒரு எவர்சில்வர் டம்ளர் மட்டும் கிணுகிணுக்கும். மூன்றில் வைத்தால் மிக்சியின் சத்தம் கூடும், டம்ளர் வாயை மூடிக்கொள்ளும். தனக்கென்று ஒரு இயல்பு அதிர்வெண் அதற்கு இருக்கிறது. அந்த எண்ணைச் சொல்லி அழைத்தால் மட்டும் ஆடும். ஒத்ததிர்வு என்பது இதுதான். நடுவில் பிடிக்கப்பட்டு இரு முனையும் அந்தரத்தில் நிற்கும் ஹேண்டில்பாரும் அப்படி ஒரு டம்ளர்தான். எஞ்சினின் எண் அதன் எண்ணைத் தொடும் வேகத்தில், வந்த நடுக்கம் பல மடங்காகிவிடும். கண்ணாடியின் தண்டுக்கு வேறு எண். அதனால்தான் சில வண்டிகளில் கை மரக்கும் வேகத்தில் கண்ணாடி தெளிவாக இருக்கும்.

இந்தச் சந்திப்பைத் தடுக்க முடியாது, தள்ளிப் போடலாம். முனையில் எடை சேர்த்தால் ஹேண்டில்பாரின் இயல்பு அதிர்வெண் குறைந்து, நீங்கள் வழக்கமாக ஓட்டும் வேகத்துக்குக் கீழே இறங்கிவிடும். பார் எண்ட் எடைகள் விற்பது இதற்காகத்தான். குழாய்க்குள் ஈயக் குண்டுகளை நிரப்பினால் எடையோடு தணிப்பும் கிடைக்கும். குண்டுகள் ஒன்றையொன்று உரசி அதிர்வின் ஆற்றலைச் சூடாக மாற்றிவிடும். அழகுக்காக உயரமான ஹேண்டில்பார் மாட்டுகிறவர்கள், அறியாமலேயே இந்த எண்ணை மாற்றிவிடுகிறார்கள். நீளமான கை மெதுவாக ஆடும். வசதியான வேகத்துக்குள்ளேயே வந்து நின்றுவிடக்கூடும்.

ரப்பரிலும் ஒரு கண்டிப்பு இருக்கிறது. ரப்பர் மேல் நிற்கும் ஒரு பொருளின் இயல்பு அதிர்வெண் 30 ஹெர்ட்ஸ் என்றால், அதைப்போல் 1.41 மடங்குக்கு, அதாவது 42-க்கு மேல் வரும் நடுக்கத்தை மட்டுமே அந்த ரப்பர் தடுக்கும். அதற்குக் கீழே தடுக்காது. முப்பதை ஒட்டி வருவதைப் பெரிதாக்கியே அனுப்பும். “ரப்பர் போட்டேன், இன்னும் மோசமாச்சு” என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. 1967-இல் இங்கிலாந்தின் நார்டன் கமாண்டோ, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பின்சக்கரக் கவைகளையும் ஒன்றாகச் சேர்த்து ரப்பரில் தொங்கவிட்டது. அதிலும் அந்த ரப்பர் பிடிப்பின் இடைவெளியை இறுக்கிவைத்தால் நடுக்கம் கசியும், தளர்த்திவிட்டால் வண்டி வளைவில் தள்ளாடும். ரப்பரை நம்பினால் அளவையும் நம்ப வேண்டும்.

கை சொல்லும் தீர்ப்பு

1918-இல் அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் இண்டியானா மாநிலத்தின் பெட்ஃபோர்டில் சுண்ணாம்புக்கல் செதுக்கும் தொழிலாளர்களைப் பரிசோதித்தார். காற்றுச் சுத்தியலைப் பிடித்த விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போவதை அவர் பதிவு செய்தார். இன்று ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், எட்டு மணி நேர வேலைக்குக் கையில் சேரும் அதிர்வு சராசரியாக 2.5 மீ/நொடி² எட்டினாலே நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. 5-ஐத் தாண்ட விடுவதில்லை. வாரத்தில் ஒருநாள் மாமல்லபுரம் போய்வருபவருக்கு இது பெரிய கவலை அல்ல. நாள் முழுதும் வண்டியிலேயே பிழைப்பவருக்குக் கவலைதான். நிறுத்திய பிறகும் நெடுநேரம் மரத்திருந்தாலோ, விரல் நுனி வெளுத்தாலோ பார்க்க வேண்டியவர் மெக்கானிக் அல்ல, மருத்துவர்.

தடித்த கையுறையும் ஸ்பாஞ்சும் நொடிக்கு நூற்றைம்பதுக்கு மேற்பட்ட கூர்மையான அதிர்வை ஓரளவு உறிஞ்சும். புல்லட்டின் நாற்பது ஐம்பதுக்கு அவற்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதைவிடப் பலன் தருவது பிடியைத் தளர்த்துவது. இறுக்கிப் பிடிக்கும் கை ஹேண்டில்பாரோடு ஒட்டி அதன் நீட்சியாகிவிடுகிறது; முழங்கையை மடக்கி லேசாகப் பிடித்த கைக்குள் அதிர்வு அவ்வளவு ஏறுவதில்லை. டீக்கடையில் சொன்ன ஸ்பாஞ்ச் வைத்தியம் கடைசியில் வர வேண்டியது. பெரும்பாலோர் அதை முதலில் வாங்கிவிடுகிறார்கள்.

போல்ட்டை முறுக்கி, கோட்டம் எடுத்து, டைமிங் வைத்து, முனையில் எடை மாட்டிய பிறகு மறுபடி சாலைக்குப் போங்கள். அறுபதில் எலுமிச்சம்பழங்கள் திரும்பி வந்திருக்கும். அறுபத்தைந்திலும் லாரி ஒன்றாகவே இருக்கலாம். எண்பதில் அது மறுபடி இரண்டாகும். இனி எந்த ஸ்பேனருக்கும் அங்கே வேலையில்லை. அது கூடப் பிறந்த நடுக்கம். தொண்ணூறு மில்லிமீட்டரும் அரைக் கிலோவும் சுற்றின் வர்க்கமும் சேர்ந்து எழுதிய வேக வரம்பு. ஆக்ஸிலேட்டரைச் சற்றே விட்டுக் கொடுங்கள், ஒரே ஒரு லாரி பின்னால் வரட்டும்.